சூரியன் வராத மதியத்தில் ஒரு கரித்துண்டு

1

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உணவு டப்பா தொடர்பான கோப்பு முடிக்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. இரண்டே வரிதான். இந்த நாட்டில் எதற்கும் ஒரு கோப்பு திறப்பார்கள். திறந்ததை மறக்காமல் மூடிவிட்டு, மூடிவிட்டோம் என்று கடிதமும் போடுவார்கள். என் கணவர் அந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, "முடிஞ்சுபோச்சுல்ல, இனிமேலாவது நிம்மதியா இரு" என்றார். நிம்மதியாக இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் தர்மபுரி பக்கம் இண்டூர்க்காரி. அவர் பென்னாகரம். பெயர் அரசு, இங்கே கப்பல் பட்டறையில் பொறியாளர். நான் மருத்துவமனை லேபில் ரத்தப் பரிசோதனை பார்க்கிறேன். நார்வேயின் வடகோடியில் ஒரு சின்ன ஊர். வந்து எட்டு வருடம் ஆகிறது. மகள் மகிழ் இங்கேதான் பிறந்தாள், வயது ஆறு. போன ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

இங்கே பள்ளிக்குச் சூடான சாப்பாடு கிடையாது. ரொட்டி, அதன்மேல் ஒரு சீவல் சீஸ், முடிந்தது சமாச்சாரம். மகிழ் அந்த ரொட்டியைத் தொடவே மாட்டாள். கொண்டுபோனது கொண்டுபோனபடி திரும்பி வரும். செப்டம்பரில் பள்ளி நர்ஸ் எடை பார்த்தபோது ஒரு கிலோ குறைந்திருந்தாள். மகள் சாப்பிடவில்லை என்றால் அம்மாக்காரிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அவளுக்குத் தோழிகளும் இல்லை. இடைவேளையில் மைதானத்துக் கொட்டகைக்கு அடியில் தனியாக உட்கார்ந்திருப்பதாக அவள் ஆசிரியை மாரித் சொன்னார்.

வெளியே விளையாடப் போகும்போது ஒரு சின்ன டப்பாவில் தின்பண்டம் கொண்டுபோகலாம். சர்க்கரை கூடாது, கடலை, முந்திரி, பாதாம் எதுவும் கூடாது, ஒவ்வாமை. நிலக்கடலை விளைகிற வீட்டில் பிறந்தவளுக்கு இந்தச் சட்டம். அப்படித்தான் அடுப்பே இல்லாமல் செய்கிற இந்த உருண்டைக்கு வந்து சேர்ந்தேன். சமையல் குறிப்பு கேட்டு எழுதிய தோழிகளுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் பதினைந்து, காய்ந்த அத்திப்பழம் ஆறு, உலர்திராட்சை ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, சின்ன உரலில் போட்டு இடிக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் களிமாதிரி ஆகிவிடும், வேண்டாம். இடிபட்டுச் சேர்ந்து வரும்போது பூசணி விதை இரண்டு கரண்டி, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை, உப்பு ஒரே ஒரு கல். நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, தேங்காய்ப்பூவில் புரட்டினால் ஒரு வாரம் கெடாது.

ஐந்து உருண்டை டப்பாவில் போடுவேன். அதன்மேல் ஒரு தாளில் மடித்து, சுண்டுவிரல் நகத்தளவு அடுப்புக்கரி.

சிரிக்காதீர்கள். ஊரில் கறிக்குழம்போ பலகாரமோ வெளியே கொண்டுபோனால் போசிமேல், அதாவது தூக்குப் பாத்திரத்தின்மேல், ஒரு கரித்துண்டு வைப்பார்கள், காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க. நீங்களும் வைத்திருப்பீர்கள். நான் வைத்ததற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். இங்கே மின்சார அடுப்பு, கரிக்கு எங்கே போவது? கோடையில் கறி சுடுவதற்கென்று கடையில் விற்கிற இரண்டரைக் கிலோ மூட்டை ஒன்றை வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு நகத்துண்டு. பேத்திகள் காலம்வரைக்கும் வரும் என்று கணவர் கேலி செய்தார்.

2

நவம்பர் முதல் வாரத்தில் பள்ளியின் ஆப்பில் ஒரு புகைப்படம் வந்தது. வெள்ளைத் தட்டில் என் கரித்துண்டு, பக்கத்தில் அளவுகோல். இது மகிழின் டப்பாவில் இருந்தது, இது என்ன, உண்ணும் பொருளா என்று கேட்டிருந்தார்கள்.

உண்ணும் பொருள் இல்லை, கெட்ட காற்றிலிருந்து காப்பாற்ற என்று எனக்குத் தெரிந்த நார்வீஜிய மொழியில் பதில் போட்டேன். எழுதும்போதே நெருடியது. மறுநாள் பதில் வந்தது. பள்ளியின் காற்றோட்டம் சென்ற மாதம்தான் பரிசோதிக்கப்பட்டது, அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. பதினோரு பக்கம். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அதைக் கடைசிப் பக்கம்வரை படித்தேன். இங்கே குழந்தை விஷயத்தில் ஒரு சந்தேகம் வந்தால் குழந்தையையே அரசாங்கம் எடுத்துக்கொண்டுபோய்விடும் என்று நம்மவர்கள் பேசிக்கொள்வதை நானும் கேட்டிருக்கிறேன்.

கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மாரித், பள்ளி நர்ஸ், நான். காபி கொடுத்தார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. இவர்கள் மரியாதையாகப் பேசப் பேசத்தான் எனக்குப் பயம் கூடும். படிவத்தில் ஒரு கட்டம், "பொருளின் நோக்கம்." அதில் என்ன எழுதுவது? "எங்கள் ஊர் வழக்கம்" என்று எழுதினேன். நர்ஸ் கனிவாகச் சொன்னார்: "உங்கள் வழக்கத்தை மதிக்கிறோம். ஆனால் குழந்தை வாயில் போட்டுவிடலாம். இனி வைக்க வேண்டாமே?"

கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் கணவர் கரி மூட்டையைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டார். மறுநாள் கரியில்லாத டப்பாவை மகிழின் பையில் வைத்துவிட்டு, இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

3

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். செந்தாமரை, வீட்டில் தாமரை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. அப்பா காட்டில் ஆள்விட்டுக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். அன்று வீட்டில் கறி. அம்மா களியும் குழம்பும் தூக்குப்போசியில் போட்டு அக்காவிடம் கொடுத்தாள். உச்சிவேளை. தனக்கு எடுத்து வைத்ததை அக்கா தொடவில்லை, வந்து சாப்பிடுகிறேன் என்றாள்.

வாசல் சிமெண்ட் தரையில் நாங்கள் பாண்டி ஆடுவோம். எட்டுக் கட்டம், மேலே ஓர் அரைவட்டம். அந்த அரைவட்டத்துக்கு எங்கள் தெருவில் 'மலை' என்று பெயர். அந்த மலைக்குள் தாமரை எப்போதும் ஒரு சின்னக் குடை வரைவாள். மலையேறிப் போனால் மழை வருமாம், நிற்க இடம் வேண்டுமாம். வேறு யாரும் அப்படி வரைந்து நான் பார்த்ததில்லை.

அன்று கட்டம் போட எனக்குக் கரி வேண்டியிருந்தது. போசிமேலிருந்த கரித்துண்டை நான் எடுத்துக்கொண்டேன். அக்கா தெருமுனை திரும்பிப் போனாள். நான் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போதே தலைவலி என்றாள். சாயங்காலம் காய்ச்சல். மூன்றாம் நாள் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் போய்விட்டாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். இன்று லேபில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது என்னவென்று தெரியும், எந்தக் கிருமி, எப்படிப் பரவும், எல்லாம் தெரியும். ஆனால் அன்று வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அம்மாவிடம், "போசிமேல கரி வெச்சியா?" என்றுதான் கேட்டார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்காக மூடி வைத்த கறிச்சோறு மூன்றாம் நாளும் அப்படியே இருந்தது.

படித்தது எல்லாம் மூளையில் இருக்கிறது. கரி என் கையில் இருக்கிறது. இதுதான் என் காரணம்.

4

நவம்பர் கடைசியில் இங்கே சூரியன் போய்விடும். இரண்டு மாதம் எழாது. மதியம் பன்னிரண்டு மணிக்கு வானத்தின் ஓரத்தில் ஒரு நீல வெளிச்சம் வந்து, ஒரு மணி நேரம் நின்று, போய்விடும். உச்சிவேளை என்று ஒன்றே இல்லாத ஊரில் எந்தக் காத்துக்கருப்பு வந்துவிடப் போகிறது என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

சூரியன் போன மூன்றாம் நாள் டப்பா காலியாக வந்தது. ஐந்து உருண்டையும் இல்லை. மறுநாளும் காலி. எனக்குத் தலைகால் புரியவில்லை, அம்மாவுக்கு வீடியோவில் காலி டப்பாவைக் காட்டினேன். ஆனால் வாரக் கடைசியில் எடை பார்த்தால் முள் ஏறவே இல்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மகிழ், எல்லாம் நீதான சாப்ட்ட?"

"நான் ஒண்ணு. அக்கா நாலு."

அவள் தமிழ் அவ்வளவுதான். பாதி வாக்கியத்தில் நார்வீஜியத்துக்குத் தாவிவிடுவாள். 'அக்கா' என்றதும் திக்கென்றது. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய வகுப்பிலிருந்து ஒரு துணைப்பிள்ளையை விடுவது இங்கே வழக்கம். அந்தப் பெண்ணாக இருக்கும் என்று நினைத்து மாரித்துக்கு எழுதினேன். மகிழின் துணை ஒரு பையன், அவனுக்கு இடைவேளை வேறு நேரம் என்று பதில் வந்தது. கூடவே ஒரு வரி. "மகிழ் தனியாகத்தான் இருக்கிறாள். ஆனால் முன்போல் சோகமாக இல்லை. யாருடனோ பேசி விளையாடுகிறாள். இந்த வயதில் இது இயல்பு."

இரண்டு நாள் கழித்து அவள் சிவப்புக் கையுறையின் விரல்நுனிகள் கறுப்பாக வந்தன. தொட்டேன். என் விரலிலும் ஒட்டியது. அது என்னவென்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

"இது ஏதுடி?"

"அக்கா குடுத்தா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா கேட்டா, இதுல ஏன் கொட்டையே இல்லன்னு" என்றாள்.

நானும் அக்காவும் தின்று வளர்ந்தது இலந்தவடை. இலந்தைப்பழத்தைக் கொட்டையோடு இடித்து, வெல்லம், புளி, மிளகாய் சேர்த்துத் தட்டி, மொட்டைமாடியில் காயப்போடுவது. காக்கா ஓட்ட எங்கள் இருவரையும் உட்கார வைப்பார்கள். காய்வதற்குள் கால்வாசி போய்விடும். யார் கொட்டையை அதிக தூரம் துப்புவது என்று போட்டி, தாமரைதான் எப்போதும் ஜெயிப்பாள். இதையெல்லாம் மகிழிடம் நான் சொன்னதில்லை. அக்கா என்ற பேச்சையே எடுத்ததில்லை.

கணவர் சொன்னார்: "பழைய கரித்துண்ட எங்கயாச்சும் எடுத்து வெச்சிருப்பா. நீயா ஒண்ணக் கற்பனை பண்ணிக்காத." அவருடைய அறிவு எனக்கும் இருக்கிறது. அதனால் மகிழின் பை, கோட்டுப்பை, காலணி, தலையணை உறை எல்லாவற்றையும் தேடினேன். ஒரு துணுக்கும் கிடைக்கவில்லை. அக்கா உயிரோடிருக்கும்போது எனக்கு ஒரு கெடுதல் நினைத்தவள் இல்லை. ஆனால் பசியோடு போனவள். என் மகள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயந்தேன், அக்காவுக்கே பயந்தேன்.

5

லேபில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பன்னிரண்டு மணி. பனிமேல் அந்த நீல வெளிச்சம். பிள்ளைகள் எல்லாரும் மைதானத்தின் மறுகோடியில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள், சத்தம் தூரத்தில் கேட்டது. கொட்டகைக்கு அடியில் மகிழ் மட்டும். ஒற்றைக்காலில் தாவிக்கொண்டிருந்தாள்.

சிமெண்ட் தரையில் எட்டுக் கட்டம், கரிக்கோடு. மேலே அரைவட்டம். அதற்குள் ஒரு சின்னக் குடை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மகிழ் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"யாரு வரைஞ்சா?"

"நான்தான். அக்கா சொல்லிக் குடுத்தா."

"அக்கா எங்க?"

"போயிட்டா. வருவா." பிறகு நிறுத்தாமல், திக்காமல், ஒரு நார்வீஜியச் சொல்கூட இல்லாமல் சொன்னாள்: "கட்டம் போட்டு வையி, போசியக் குடுத்துட்டு ஓடியாந்தர்றன்னு சொன்னா."

தெருமுனை திரும்புவதற்கு முன் தாமரை என்னிடம் சொன்னது அதுதான். அதே சொற்கள், அதே வரிசை. வீட்டில் நான்கூட இப்போது அப்படிப் பேசுவதில்லை. போசி என்றால் என்னவென்று என் மகளுக்குத் தெரியாது.

அங்கேயே, அந்தக் குளிரில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் நாலரை மணி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம். முப்பது வருடமாகச் சொல்லாததை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டேன்.

"கரிய நான்தாம்மா எடுத்தன். பாண்டிக் கட்டம் போட."

அந்தப் பக்கம் மாட்டின் மணி கேட்டது.

"என்னடி சொல்ற?" என்றாள் அம்மா கடைசியில். "அன்னிக்கு நான் கரியே வெக்கலியே."

"அம்மா?"

"ஒங்கப்பா காட்ல காத்துக்கிட்டு இருப்பாருன்னு அவசரம். கொழம்ப ஊத்தி மூடிக் குடுத்துட்டன். அவ கொஞ்ச தூரம் போனப்பறம்தான் நெனப்பு வந்துச்சு. ஒரு கொரல் குடுத்திருந்தா திரும்பி வந்திருப்பா. சரி போ, தெனம் போற தடந்தானன்னு வுட்டுட்டன். அந்தக் கொரலக் குடுக்காம வுட்டுட்டனேன்னுதான்டி நான் இத்தன வருசமா…"

"கரி என் கையில இருந்துச்சேம்மா."

"அடுப்பாண்ட கெடந்தத எடுத்திருப்ப. வெளையாட்டுப் புள்ள. அதுக்கு நீ என்ன பண்ணுவ, கண்ணு."

எனக்காகப் பொய் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அம்மா பொய் சொன்னால் கடைசிச் சொல்லை இழுப்பாள். அன்று இழுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே சாவுக்கு, இரண்டு பேர் தனித்தனியாகக் குற்றவாளியாக இருந்திருக்கிறோம்.

குடையைப் பற்றிச் சொன்னேன். மகிழ் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன். அம்மா பயப்படுவாள் என்று நினைத்தேன்.

"கரி கிரி எதும் வெக்காத," என்றாள். "அவளுக்கும் சேத்து வையி. அவ சாப்புடாமப் போனா."

6

மறுநாள் உரலில் இரண்டு பங்காக இடித்தேன். பாதியில் பேரீச்சங்கொட்டையை எடுக்கவில்லை. ஊரிலிருந்து அம்மா போன வருடம் அனுப்பிய இலந்தவடை கொஞ்சம் ஃபிரீசரில் இருந்தது, அதையும் பிய்த்து அதனோடு சேர்த்துப் பிசைந்தேன். மகிழுக்கு ஐந்து, அக்காவுக்கு ஐந்து. "கொட்டை இருக்கறது அக்காவுக்கு, நீ வாயில போடாத" என்று மகிழிடம் படித்துப் படித்துச் சொன்னேன். ரொட்டியையே கடிக்காதவளிடம் இதைச் சொல்கிறேனே என்று நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

டப்பா காலியாக வந்தது. மகிழின் ஐந்தை மகிழே சாப்பிட்டிருந்தாள். மாரித் எழுதினார், கொட்டகையின் கீழ் நிறையக் கொட்டைகள் கிடக்கின்றன, சில ரொம்ப தூரத்தில், பறவைகளுக்காகப் போடுகிறீர்களா என்று. ஆமாம் என்று பதில் போட்டேன். ஜனவரியில் நர்ஸ் எடை பார்த்தபோது ஒன்றே கால் கிலோ கூடியிருந்தாள். இப்போது வந்த கடிதம் அதன் விளைவுதான்.

ஜனவரி கடைசியில் சூரியன் திரும்பியது. அன்று பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பன் கொடுத்து மைதானத்தில் நிற்க வைப்பார்கள். மலைமேல் ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தது, இரண்டு நிமிடம். கைதட்டினார்களாம். வீட்டுக்கு வந்த மகிழ் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். அதில் ஐந்து உருண்டை, கொட்டையோடு, அப்படியே.

"அக்கா வரல" என்றாள்.

மறுநாளும் வரவில்லை. மகிழுக்கு இப்போது இரண்டு தோழிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாண்டி சொல்லிக்கொடுத்திருக்கிறாள், வண்ணச் சாக்குக்கட்டியில் கட்டம் போடுகிறார்கள். குடை வரைவதில்லை. ஏன் என்று கேட்டேன், என்ன குடை என்று நார்வீஜியத்தில் கேட்டாள். அன்று சொன்ன அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அதுவும் அவளிடம் இல்லை.

என் மகள் தப்பித்தாள். நான் வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனாலும் காலையில் பத்து உருண்டைதான் பிடிக்கிறேன். மாலையில் திரும்பி வருகிற ஐந்தை நின்றபடியே தின்று, கொட்டையை ஜன்னல் வழியே துப்புகிறேன். அதிக தூரம் போவதில்லை.

தினமும் எங்கள் பன்னிரண்டு மணிக்கு அம்மா கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசுவோம். குளிர் எப்படி, புள்ள சாப்பிட்டாளா என்றெல்லாம் இப்போது கேட்பதில்லை.

"இன்னிக்கு வந்தாளா?"

"இல்லம்மா."

"சரி. கட்டம் அழியாம இருக்கா, பாரு" என்கிறாள்.

பனி உருகிக்கொண்டிருக்கிறது. கொட்டகைக்குள் தண்ணீர் வந்து கரிக்கோட்டைக் கரைக்கத் தொடங்கிவிட்டது. இருக்கும்மா என்று சொல்கிறேன்.